தடுத்தால் போதாது, கற்பிக்க வேண்டும்: வகுப்பறையில் மாற்று நடத்தை

வகுப்பறை ஒழுங்கைப் பற்றி நாம் பேசும்போது பெரும்பாலும் எதிர்மறை ஏவல்களிலேயே பேசுகிறோம். பேசாதே, எழுந்திருக்காதே, அடிக்காதே, பிடுங்காதே, ஓடாதே. இவை நியாயமான தடைகள்தான். ஆனால் அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை இவற்றில் ஒன்றுகூடக் குழந்தைக்குச் சொல்வதில்லை. பின்னக் கணக்கு புரியாமல் நோட்டைக் கிழித்தெறியும் ஐந்தாம் வகுப்பு மாணவனிடம் ‘கிழிக்காதே’ என்றால், கணக்கு புரியாத நிலை அப்படியே இருக்கிறது. அதை வெளிக்காட்ட அவனுக்குத் தெரிந்திருந்த ஒரே வழி மட்டும் அடைபடுகிறது. மடையை அடைத்துவிட்டு வாய்க்கால் வெட்டாமல் விட்டால் தண்ணீர் கரையை உடைக்கும். தொல்லை தரும் நடத்தையைப் பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் ஆய்வுகள் தரும் முடிவை இப்படித் தொகுக்கலாம்: ஒரு நடத்தையை நிலையாக நீக்க வேண்டுமென்றால், அது நிறைவேற்றும் தேவையையே நிறைவேற்றும் வேறொரு நடத்தையைக் கற்றுக்கொடுக்க வேண்டும், பழையதைவிடப் புதியது குழந்தைக்கு எளிதாகவும் பலன் தருவதாகவும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த முடிவின் முற்பகுதியை ஏற்றுக்கொண்ட பள்ளிகள்கூடப் பிற்பகுதியை மறந்துவிடுகின்றன. மாற்று நடத்தை முயற்சிகள் தோற்கும் இடமும் பெரும்பாலும் அதுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நடத்தைக்குப் பலன் உண்டு, பலன் கிடைக்கும் நடத்தை நிலைக்கும் என்பது உளவியலாளர் ஸ்கின்னரின் ஆக்கநிலையுறுத்தல் கோட்பாட்டின் சாரம். ஆசிரியர் பயிற்சி பெற்ற ஒவ்வொருவரும் தேர்வுக்காகவாவது இதைப் படித்திருப்பார். வகுப்பறைக்குள் வந்ததும் இது மறந்துபோவதற்குக் காரணம், பலன் எப்போதும் மிட்டாயாகவோ மதிப்பெண்ணாகவோ வருவதில்லை என்பதுதான். சேட்டை செய்யும் குழந்தைக்குக் கிடைக்கும் பலன் பெரும்பாலும் நான்கில் ஒன்று: ஆசிரியரின் அல்லது தோழர்களின் கவனம், பிடிக்காத அல்லது புரியாத வேலையிலிருந்து விடுதலை, வேண்டிய பொருள் அல்லது வாய்ப்பு, உடலுக்குக் கிடைக்கும் இதமான உணர்வு. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரண்டு செயல்கள் முற்றிலும் வேறான தேவைகளிலிருந்து பிறக்கலாம். பிரையன் இவாட்டாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துக் காட்டியது. தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரை வெவ்வேறு சூழல்களில் வைத்துக் கவனித்தார்கள்: ஒன்றில் காயப்படுத்திக்கொண்டால் கவனம் கிடைக்கும், மற்றொன்றில் கொடுத்த வேலை நின்றுபோகும், இன்னொன்றில் தனிமை. ஆறு பேருக்குக் குறிப்பிட்ட ஏதோ ஒரு சூழலில் மட்டும் அந்த நடத்தை தொடர்ந்து உயர்ந்தது. அந்தச் சூழல் ஆளுக்கு ஆள் மாறியது. செயலின் வடிவத்தை மட்டும் பார்த்து மருந்து எழுத முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பலனைப் பார்க்கத் தவறினால் திருத்துவதாக நினைத்து வளர்த்துவிடும் அபாயம் உண்டு. 1968இல் மேட்சன், பெக்கர், தாமஸ் ஆகியோர் நடத்திய தொடக்கப்பள்ளி ஆய்வுகள் இந்த வகையில் இன்றும் படிக்கத் தக்கவை. இடத்தை விட்டு எழும் குழந்தைகளிடம் ஆசிரியர்கள் ‘உட்கார்’ என்று சொல்லும் எண்ணிக்கையை அதிகரித்தபோது எழுந்து நிற்பது குறையவில்லை, கூடியது. உட்கார்ந்து வேலை செய்பவர்களைப் பாராட்டத் தொடங்கியபோதுதான் அது குறைந்தது. விதிகளை அறிவிப்பதால் மட்டும் பெரிய மாற்றம் வரவில்லை என்றும், தகாத நடத்தையைப் பொருட்படுத்தாமல் விட்டு நல்ல நடத்தையைப் பாராட்டுவதைச் சேர்த்தபோதே மாற்றம் வந்தது என்றும் இன்னோர் ஆய்வு காட்டியது. நம் பள்ளிகளில் பேசுபவர் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வகுப்புத் தலைவனை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கவனத்துக்காகவே பேசும் மாணவனின் பெயர் எல்லாரும் பார்க்கும்படி பலகையில் ஏறுகிறது. ஆசிரியர் வந்ததும் முதலில் அவனையே விசாரிக்கிறார். பாடத்திலிருந்து தப்பிக்க நினைத்தவனுக்கோ ‘வெளியே போய் நில்’ என்ற தண்டனை அவன் கேட்டதையே கொடுத்துவிடுகிறது. அமைதியாக எழுதிக்கொண்டிருந்தவனை அன்று முழுக்க யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

மாற்று நடத்தை என்ற எண்ணத்துக்கு உறுதியான அடித்தளம் போட்டது எட்வர்ட் கார், மார்க் டூராண்ட் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு. வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு குழந்தைகள். அடித்தல், அடம்பிடித்தல், தம்மைக் காயப்படுத்திக்கொள்ளுதல் போன்ற நடத்தைகள். வேலை கடினமாக இருக்கும்போது கொந்தளிப்பவர் யார், பெரியவரின் கவனம் குறையும்போது கொந்தளிப்பவர் யார் என்று முதலில் பிரித்தறிந்தார்கள். பிறகு அந்தந்தத் தேவைக்குப் பொருந்திய ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தார்கள்: கடினமான வேலையால் கலங்குபவருக்கு ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்ல, கவனத்துக்கு ஏங்குபவருக்கு ‘நான் நன்றாகச் செய்கிறேனா?’ என்று கேட்க. சொன்னதும் உதவி வந்தது, பாராட்டு வந்தது. தொல்லை தரும் நடத்தை சரிந்தது. இந்த ஆய்வின் உயிர்நாடி வேறொரு படியில் இருக்கிறது. தேவைக்குப் பொருந்தாத வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தபோது, குழந்தை அதைச் சொன்னாலும், பழைய நடத்தை குறையவில்லை. நல்ல பேச்சு என்பதாலேயே அது வேலை செய்துவிடவில்லை. சரியான கதவைத் திறந்ததால்தான் வேலை செய்தது. ‘பணிவாகப் பேசு’, ‘நல்ல பிள்ளையாக இரு’ என்ற பொது அறிவுரைகள் ஏன் காற்றோடு போகின்றன என்பதற்கும் இதுவே விளக்கம்.

ஆனால் சரியான வாக்கியம் மட்டும் போதாது. புறாக்களை வைத்து ஹெர்ன்ஸ்டைன் 1961இல் செய்த சோதனையில், இரண்டு விசைகளில் எது எவ்வளவு இரை தருகிறதோ அந்த விகிதத்தில் புறாக்கள் கொத்துவதைப் பகிர்ந்துகொண்டன. பிள்ளைகள் புறாக்கள் அல்லர். இருந்தாலும் ஒரே தேவைக்கு இரண்டு வழிகள் இருக்கும்போது லாபமான வழியே வெல்லும் என்ற விதி வகுப்பறையிலும் செல்லுபடியாகிறது. ராபர்ட் ஹார்னர், மைக்கேல் டே இருவரும் 1991இல் இதை நேரடியாகச் சோதித்தனர். வேலையிலிருந்து ஓய்வு கேட்க ஒரு முழு வாக்கியத்தைச் சைகை மொழியில் காட்டக் கற்ற சிறுவன், அது தெரிந்திருந்தும் பழைய வன்முறையையே கையாண்டான். ஒற்றைச் சைகையைக் கற்றுக்கொடுத்தபோது அதற்கு மாறினான். இன்னொருவருக்குப் பலமுறை கேட்டால்தான் உதவி கிடைக்கும் என்றிருந்தபோதும், மூன்றாமவருக்குக் கிடைப்பது தாமதமானபோதும் மாற்று நடத்தை தோற்றது. அந்தத் தடைகளை நீக்கியதும் வென்றது. முயற்சி, உறுதி, வேகம் ஆகிய இந்த மூன்று அளவுகோல்களையும் நம் வகுப்பறையின் ‘கையைத் தூக்கு’ என்ற விதிமீது வைத்துப் பார்க்கலாம். கை தூக்கியவர் ஐந்து நிமிடம் காத்திருக்கிறார், பல நேரம் பார்க்கப்படாமலே போகிறார். பெஞ்சைத் தட்டிக் கத்தியவருக்கு ஆசிரியர் உடனே திரும்பிப் பதில் சொல்கிறார். கை தூக்குவதைக் குழந்தை ‘கற்றுக்கொள்ளவில்லை’ என்று இங்கே சொல்வது தவறு. எது பலிக்கிறது என்பதை அந்தக் குழந்தை மிகச் சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

இதை நடைமுறையில் செய்ய முதல் தேவை கவனிப்பு. எந்தப் பாடவேளையில், எதற்குப் பின், யார் அருகில் இருக்கும்போது சேட்டை நடக்கிறது, அது நடந்தவுடன் என்ன கிடைக்கிறது, என்ன நின்றுபோகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்தாலே பெரும்பாலும் ஒரு வடிவம் தெரிந்துவிடும். அதற்கு முன் கண் பார்வை, காது கேட்கும் திறன், பசி, தூக்கம், வீட்டுச் சூழல் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். பலகையில் எழுதியது தெரியாத பிள்ளைக்கு முதல் தேவை கண்ணாடி. பிறகு மாற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கவனம் வேண்டுபவருக்கு, முடித்த நோட்டைக் கொண்டுவந்து காட்டும் உரிமை. புரியாமல் தவிப்பவருக்கு, மேசைமேல் சிவப்பு அட்டையைத் திருப்பி வைத்தால் ஆசிரியர் வருவார் என்ற ஏற்பாடு, அல்லது ‘மிஸ், இது புரியல’ என்ற மூன்று சொற்கள். நீண்ட நேரம் உட்கார முடியாதவருக்கு, நோட்டுகளைச் சேகரித்து வரும் பொறுப்பும் இரண்டு நிமிட ஓய்வு கேட்கும் வழியும். பிறர் பொருளைப் பிடுங்குபவருக்கு ‘அடுத்து நான் வாங்கிக்கவா?’ என்ற கேள்வி. இவற்றைக் கோபம் தலைக்கேறிய நேரத்தில் கற்பிக்க முடியாது. அமைதியான வேளையில் செய்து காட்டி, நடித்துப் பார்க்க வைத்து, வாய்ப்பாட்டைப் போலத் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். முதல் சில வாரங்களில் கேட்ட ஒவ்வொரு முறையும் உடனடியாகக் கொடுக்க வேண்டும். இந்தத் தொடக்கக் காலத் தாராளத்தைச் சிக்கனம் செய்பவர்கள் பின்னால் அதிகம் இழக்கிறார்கள்.

இங்கே முதல் மறுப்பு எழுகிறது: கேட்டதையெல்லாம் கொடுத்தால் பிள்ளை கெட்டுப் போகாதா, இது சரணடைவது அல்லவா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதில் எதற்குக் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. கத்தியதற்காகக் கொடுப்பதுதான் சரணாகதி. அதை இப்போதே, நமக்குத் தெரியாமலே, செய்துகொண்டிருக்கிறோம். முறையாகக் கேட்டதற்குக் கொடுப்பது, கேட்கும் முறையே பலிக்கும் என்று கற்பிப்பது. அதே வேளையில் பழைய வழி பலன் தராமலிருக்க வேண்டும். அப்படி நிறுத்தும்போது சில நாள் பழைய நடத்தை முன்பைவிட மூர்க்கமாக எழலாம் என்பதும் ஆய்வுகளில் பதிவானதே. அந்த நாட்களில் மனம் தளர்ந்து விட்டுக்கொடுத்தால், மூர்க்கமே பலிக்கும் என்ற பாடத்தைக் கொடுத்துவிடுகிறோம். அடுத்து, வாழ்க்கையில் எல்லாம் கேட்டவுடன் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. ஆகவே மாற்று நடத்தை ஊன்றிய பிறகு காத்திருப்பதையும், ‘இப்போது முடியாது’ என்ற பதிலைத் தாங்குவதையும் தனிப் பாடமாகக் கற்பிக்க வேண்டும். கிரிகரி ஹான்லியும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று குழந்தைகளுக்கு இதையே வரிசையாகச் செய்தார்கள்: முதலில் கேட்கக் கற்பித்தல், பிறகு மறுப்பைப் பொறுத்துக்கொள்ளும் மறுமொழி, பிறகு சிறுகச் சிறுக நீளும் காத்திருப்பு. கடுமையான நடத்தைச் சிக்கல்கள் பெருமளவு நீங்கின. பொறுமையும் கற்றுவரும் திறன்தான். அது படிப்படியாகத்தான் வரும்.

இரண்டாவது மறுப்பு நம் சமூகத்தில் ஆழ வேரோடியது: அடி உதவுகிற மாதிரி எதுவும் உதவாது, நாங்களெல்லாம் அடிவாங்கித்தான் படித்தோம். அடிக்கு உடனடி விளைவு உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. பிரம்பைக் கண்டதும் வகுப்பு அடங்கும். அந்த உடனடி அமைதிதான் அடிப்பவருக்குக் கிடைக்கும் பலன். அதனாலேயே அடிப்பது ஆசிரியரிடம் பழக்கமாக நிலைக்கிறது. குழந்தையிடம் என்ன நிலைக்கிறது என்பது வேறு கேள்வி. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கேலர் இருவரும் 2016இல் 75 ஆய்வுகளை, 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை, தொகுத்துப் பார்த்தனர். அவை பெற்றோர் கையால் அடிப்பதைப் பற்றியவை. அவர்கள் ஆராய்ந்த 17 விளைவுகளில் 13இல் அடி தீங்கோடு தொடர்புடையதாக இருந்தது. முரட்டுத்தனம் கூடுவது அவற்றுள் ஒன்று. இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் குழந்தைகளில் 65 விழுக்காட்டினர், அதாவது மூவரில் இருவர், பள்ளியில் உடல் தண்டனை பெற்றதாகக் கூறினர். அடி ஒழுக்கத்தைக் கற்பிக்கும் என்றால் இவ்வளவு அடிக்குப் பின் நம் வகுப்பறைகளில் சேட்டை என்ற பேச்சே இருந்திருக்கக் கூடாது. தண்டனை எதைச் செய்யக் கூடாது என்று சொல்லலாம்; புரியாததைப் புரியவில்லை என்று சொல்லும் துணிவை அது தராது, இருக்கும் துணிவையும் பறித்துவிடும். இன்னொரு குழந்தைக்கு அடிபடும் ஆபத்து நேர்ந்தால் முதலில் தடுத்துப் பிரித்து எல்லாரையும் காக்க வேண்டியது ஆசிரியரின் கடமை என்பதில் ஐயமில்லை. அது ஆபத்தை நிறுத்துவது. கற்பித்தல் அதற்குப் பின் தொடங்குகிறது.

பாராட்டும் பரிசும் லஞ்சம்தானே என்பது மூன்றாவது மறுப்பு. இதற்கும் ஆய்வுத் துணை உண்டு. லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973இல் செய்த சோதனையில், படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள சிறு பிள்ளைகளுக்குச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தபோது, பின்னர் அவர்கள் தாமாக வரையும் நேரம் குறைந்தது. இயல்பான விருப்பத்தின்மேல் பரிசைப் பூசக் கூடாது என்பது இதிலிருந்து பெற வேண்டிய சரியான பாடம். நட்சத்திர ஒட்டுத்தாள்களைச் சரமாரியாக வழங்கும் பள்ளிகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஆனால் மாற்று நடத்தையின் மையம் பரிசு அல்ல. ‘புரியவில்லை’ என்றவருக்கு விளக்கம் கிடைப்பதும், ‘முடித்துவிட்டேன்’ என்றவரை ஆசிரியர் வந்து பார்ப்பதும் அந்தச் செயல்களின் இயல்பான பலன்கள். அவை எந்த நாகரிகமான சமூகத்திலும் கிடைக்க வேண்டியவை. லஞ்சம் என்பது கடமை தவறுவதற்குக் கொடுக்கப்படுவது. உதவி கேட்டவருக்கு உதவுவது கடமையைச் செய்வது.

நான்காவது மறுப்பு மிக நேர்மையானது: நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், பதிவேடுகளுக்கும் கூட்டங்களுக்கும் இடையில், ஓர் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் தேவையையும் எப்படிக் கண்டறிவார்? தனிக் கவனிப்பு எல்லாருக்கும் தேவையில்லை என்பது பதிலின் ஒரு பகுதி. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் டெப்ரா காம்ப்ஸ் குழுவினர் உருவாக்கிய வகுப்பு முழுமைக்குமான முறை, ஆசிரியரின் கவனத்தைத் தக்க முறையில் பெறுதல், சொன்னதைக் கேட்டுச் செய்தல், பிறர் சேட்டையைப் பொருட்படுத்தாதிருத்தல் என்ற மூன்று திறன்களை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கற்பித்து, குழுக்களாகப் பாராட்டுகிறது. பள்ளி முழுவதும் எதிர்பார்ப்புகளை நேர்மறையாகக் கற்பிக்கும் திட்டத்தை மேரிலாண்ட் மாநிலத்தின் 37 தொடக்கப்பள்ளிகளில் சோதித்த கேத்தரின் பிராட்ஷா குழு, ஒழுங்கு நடவடிக்கைகளும் இடைநீக்கங்களும் குறைந்ததை 2010இல் அறிவித்தது. இப்படிப் பொது ஏற்பாடு வலுவாக இருந்தால் தனிக் கவனிப்பு தேவைப்படுவோர் சிலராகச் சுருங்குவர். ஆனாலும் சான்றுகளின் வரம்பையும் சொல்லியாக வேண்டும். கார், ஹார்னர், ஹான்லி போன்றோரின் ஆய்வுகள் மிகச் சில குழந்தைகளை, பெரும்பாலும் வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களை, பயிற்சி பெற்றவர்கள் நெருங்கிக் கவனித்துச் செய்தவை. நெரிசலான வகுப்பில் அதே அளவு விளைவு வரும் என்று அவற்றைக் காட்டி வாக்குத் தர முடியாது. தொடக்க வகுப்புகளில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டம் வகுத்த விகிதம் காகிதத்தில் மட்டும் இருந்தால் எந்த முறையும் மூச்சுத் திணறும். கோட்பாடு பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. மாற்று நடத்தை பலிக்க வேண்டுமானால் ஆசிரியரின் நேரமும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே பொருள்.

ஐந்தாவது மறுப்பைப் பலர் எழுப்புவதில்லை. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. எந்த நடத்தை மாற வேண்டும் என்று முடிவு செய்வது யார்? ஆட்டிசம் உள்ளவர்கள் பலர், கைகளை அசைப்பது போன்ற யாருக்கும் தீங்கில்லாத தங்கள் இயல்பைப் பெரியவர்களின் வசதிக்காக அழித்தார்கள் என்று நடத்தைப் பயிற்சியாளர்களைக் கண்டித்திருக்கிறார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது. பிறருக்கோ தனக்கோ கற்றலுக்கோ கேடில்லாத நடத்தைக்கு மாற்று தேவையில்லை. பார்ப்பவரின் சகிப்புத்தன்மைதான் வளர வேண்டும். அதுபோலவே ஒரு பாடவேளையில் பாதி வகுப்பு ஓய்வு கேட்கிறது என்றால், சிக்கல் பிள்ளைகளிடம் இல்லை, பாடத்தில் இருக்கிறது. மாற்று நடத்தை என்பது குழந்தையின் வாயை அடைக்கும் நயமான கருவியாகிவிடக் கூடாது. ‘புரியவில்லை’ என்று சொல்லக் கற்பித்த பள்ளி, அந்தச் சொல்லைக் கேட்டபின் தன் கற்பித்தலை மாற்றிக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது. இந்தக் கடமையை ஏற்றால்தான் இது கல்வி; ஏற்காவிட்டால் வெறும் அடக்குமுறை.

ஆசிரியர்களையும் இதே அளவுகோலால் பார்ப்பதே நீதி. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. அந்தத் தடை இம்மியும் தளரக் கூடாது. ஆனால் ஆசிரியரிடமிருந்து பிரம்பை வாங்கிக்கொண்ட நாம், அது நிறைவேற்றிவந்த தேவையை, அதாவது வகுப்பை நடத்த முடியும் என்ற நம்பிக்கையை, வேறு வழியில் பெற அவருக்குப் போதிய பயிற்சி கொடுக்கவில்லை. ‘அடிக்காதே’ என்ற சுற்றறிக்கையும் ஒரு ‘செய்யாதே’தான். ஆசிரியர் பயிற்சியில் நடத்தையின் நோக்கத்தைக் கண்டறியும் செய்முறை இடம்பெற வேண்டும். எந்நேரமும் அணுகக்கூடிய ஆலோசகரும் சிறப்பாசிரியரும் ஒவ்வொரு பள்ளிக்கும் எட்ட வேண்டும். வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கை சட்டம் சொன்ன அளவுக்குள் வர வேண்டும். இவை அரசின் பொறுப்பு. ஆனால் இவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. உங்கள் வகுப்பில் உங்களை மிகவும் சோதிக்கும் ஒரு மாணவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் செய்வதற்கு என்ன பலன் கிடைக்கிறது என்று ஒரு வாரம் பாருங்கள். அதே பலனை இன்னும் எளிதாகப் பெறும் ஒரு நல்ல வழியைக் கற்றுக்கொடுங்கள். அவர் அந்த வழியில் வரும் ஒவ்வொரு முறையும் தவறாமல் செவிசாயுங்கள்.